எருமை ஏன் நடுரோட்டில் நிற்கிறது

எல்லா உயிருக்கும் ஒரே பேச்சு வாய்த்திருந்த காலம் அது. சண்டை போட்டாலும் புரிந்துதான் போட்டார்கள்.

அப்போது அல்லிக்குளம் என்று ஒரு பெரிய குளம் இருந்தது. வெயில் ஏற ஏற அதன் அல்லிகள் ஒவ்வொன்றாய்த் தூங்கிப்போகும். தட்டான்கள் தண்ணீர் மேல் அசையாமல் மிதக்கும். கரையில் நின்றால் நமக்கே கண் சொருகும். அப்படி ஓர் அமைதி. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். ஏனென்றால் புல்வெளியிலிருந்து குளத்துக்கு ஒரே பாதைதான் இருந்தது.

அந்தப் புல்வெளியில் வடிவு என்றோர் எருமை மேய்ந்தாள். எண்ணெய் தேய்த்த அம்மிக்கல் மாதிரி மின்னுவாள். நம்பினால் நம்புங்கள், அந்த நாளில் எருமைதான் ஊரிலேயே வேக நடைக்காரி. அவள் கன்று பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வெயிலில் நடக்கத் தெம்பில்லாத அந்தப் பிஞ்சைக் குளக்கரைத் தாழம்புதர் நிழலில் படுக்கவைத்துவிட்டு, விடிந்ததும் மேய வருவாள். உச்சிவெயிலுக்குள் ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள்.

ஓடவா விட்டார்கள்? கோடை முற்றி மற்ற ஊற்றெல்லாம் வற்றிப்போக, எல்லாரும் அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தார்கள். அதுவும் எப்படி வந்தார்கள் தெரியுமா? ஆமைக் குடும்பம் ஒன்பது பேர், ஒருவர் பின் ஒருவராய்ப் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் கதை பேசிக்கொண்டு போவார்கள். கீரி தனி, பாம்பு தனி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வண்டி வைக்கோல் கொட்டுகிற அளவுக்கு இடைவெளி. முள்ளெலியை யாரும் நெருங்க முடியாது. உடும்பு வாலை வீசினால் நாலு பேர் இடம் காலி. ஒருவரும் நகர முடியவில்லை. புழுதி மட்டும் பொன்னாய் எழும்பி அந்தரத்தில் நிற்கும்.

வடிவு கன்று ஈனும் முன்பே ஊர்த்தலைவர் யானை ஒரு வழி சொல்லிப் பார்த்தார். "இதுக்குப் போயா இவ்வளவு கூப்பாடு? பாதையை அகலமாக்கிட்டாப் போச்சு!"

இரண்டு பக்கமும் இருந்த புங்கமரங்களை வேரோடு பிடுங்கினார். பத்து நாள் சொர்க்கமாக இருந்தது. பதினோராம் நாள், வீட்டிலேயே பனித்துளியை நக்கிக்கொண்டு கிடந்தவர்களும் "வழிதான் பெருசாச்சே" என்று கிளம்பிவிட்டார்கள். தனியே வந்த நரி மச்சான்களையும் கூட்டி வந்தது. பழைய நெரிசல் அப்படியே திரும்பி வந்தது, இப்போது நிழலும் இல்லை. தலைவர் சளைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அகலமாக்குவோம்" என்றார். நல்ல தலைவர்!

ஒரு நாள் வடிவு கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கன்றின் நாக்கு வறண்டு, காம்பைப் பிடிக்கவே திணறியது. இன்னொரு நாள் இப்படிப் போனால் பிள்ளை தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினாள். அப்படியும் பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஆமைகள், பக்கத்தில் முள்ளெலி, பின்னால் நரியும் மச்சான்களும். மடி கனத்து வலித்தது. தூரத்திலிருந்து கன்று கத்துவது கேட்டது.

அவள் கொம்பில் வந்து உட்கார்ந்தான் கரிச்சான்குருவி செங்கண்ணன். இரட்டை வாலும் துடுக்கு வாயும் அவன் சொத்து.

"முட்டித் தள்ளிட்டுப் போ அக்கா! உன் கொம்புக்கு எவன் எதிரே நிப்பான்?"

வடிவுக்கும் அந்த எண்ணம் வந்தது. தலையைக் கூடத் தாழ்த்திவிட்டாள். தாழ்த்திய கண்ணுக்கு நேரே கடைசி ஆமை. அதன் வாயில் ஒரு சேம்பிலைச் சுருள். வீட்டில் நடக்க முடியாமல் கிடக்கும் புருஷனுக்குத் தண்ணீர் மொண்டுபோக அதுதான் அதனிடம் இருந்தது.

வடிவு அப்படியே நின்றாள். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். நடுப்பாதையில் முன்னங்காலை மடக்கி மண்டியிட்டாள்.

"ஏறுங்க" என்றாள்.

"எங்கே?" என்றது ஆமை.

"என் முதுகு மேலே. நீங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா நடக்கிற இடத்தில் நாலு எருமை போகலாம். எல்லாரும் ஏறிட்டா நான் ஒருத்தி போற இடம் போதும். என் பிள்ளை கரையில் கத்துது. தயவு பண்ணுங்க, ஏறுங்க."

"பாம்பு ஏறுற முதுகில் நானா?" என்று கீரி சிலிர்த்தது.

"வால் பக்கம் அது, கொம்புப் பக்கம் நீ. ஏறுடா!" என்று செங்கண்ணன் ஒரு விசில் அடித்தான். அந்த விசிலில் என்ன இருந்ததோ, கீரி ஏறிவிட்டது.

அணில், உடும்பு, முயல் எல்லாம் ஏறின. முள்ளெலி ஏறியபோது வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்ற எருமைகளும் மண்டியிட்டன. ஆனால் ஆமைகள் ஏறுவதை என்னவென்று சொல்ல! ஒரு காலை வைக்கும், யோசிக்கும், மறு காலை வைக்கும். எட்டு ஆமை ஏறியபோது கன்றின் குரல் நின்றுவிட்டது.

"போதும் அக்கா, கிளம்பு! அந்தச் சேம்பிலைக்காரி நடந்து வரட்டும்!"

வடிவின் கண்ணில் நீர் வழிந்தது. "அவளை நடுவழியில் விட்டா அவ பின்னாலே ஊரே நிக்கும்டா தம்பி. அவளுக்கும் ஓர் உயிர் காத்துக் கிடக்கு. ஏறட்டும்" என்றாள். உடம்பெல்லாம் ஓடு ஓடு என்று துடிக்க, முன்னங்காலை மடக்கியபடியே கல்லாய் நின்றாள். ஊரிலேயே வேகமானவள் நிற்கக் கற்றுக்கொண்டது அந்த நேரத்தில்தான்.

ஒன்பதாவது ஆமையும் ஏறியது. செங்கண்ணன் இரண்டு விசில் அடித்தான். வடிவு எழுந்தாள். எதிரே பாதை காலியாகக் கிடந்தது! அத்தனை பேரையும் சுமந்துகொண்டு, பொன் புழுதிக்குள் கனவில் நடப்பவள் போல ஆடி ஆடி நடந்தாள். அவள் கரை சேர்ந்தபோது நிழல்கள் காலடியிலேயே இருந்தன.

கன்று கண்ணை மூடிக் கிடந்தது. வடிவு நக்கினாள், மூக்கால் முட்டினாள். ஆமை இலையில் மொண்ட முதல் தண்ணீரை அதன் வாயில் விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சின்னக் காது ஆடியது. அப்புறம் பால் குடிக்கிற சத்தம் குளமெல்லாம் கேட்டது.

அந்த நாளில் தொடங்கிய பழக்கம்தான். கரிச்சான் இன்றும் எருமை முதுகில் ஏறி விசில் அடிக்கிறது. எருமை இன்றும் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. ஒரு காருக்கு ஓர் ஆளாக, ஒரு ஸ்கூட்டருக்கு ஓர் ஆளாக நாம் பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிறோம், "ஏய் எருமை, நகரேன்!" என்று திட்டுகிறோம். அது மெல்லத் திரும்பி, ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் தனியாக உட்கார்ந்திருக்கும் முகத்தை ஈரக் கண்ணால் பார்க்கும். பாவம், அது நிற்பது நாம் ஏறுவதற்காகத்தான்.