ஈயம் ஆறும் வரை

இருட்டியதும் அந்தச் சத்தம் வந்தது. பல்லியின் குரல் இல்லை, குழந்தையின் முனகலும் இல்லை. யாரோ கூப்பிட வாயெடுத்துப் பாதியில் விட்டுவிட்டதைப் போல இருந்தது.

தொட்டிலருகே இருந்த கருவியிலிருந்துதான் வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூச்சு நின்றால் அலறவேண்டிய கருவி. சுவிட்சைப் போட்டதும் ஒருமுறை முழுதாகக் கத்திக் காட்டவேண்டும். கத்தவில்லை.

எமில்டா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இருந்தது. நம்பிக்கை வரவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை அழுதது. அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

வாசல் கதவை அவள் தாழிடுவதே இல்லை. கணவன் லாரியோடு தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தான். ஏதாவது ஆனால் பக்கத்து வீட்டு ஆசியாம்மா உள்ளே ஓடிவர வழி வேண்டும்.

எமில்டாவுக்கு சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை. அங்கே புதுப் பெண்களுக்கு ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கச் சொல்லிக்கொடுப்பவள் குணவதி. பகலில் குழந்தை ஆசியாம்மாவின் பார்வையில் இருக்கும். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் எமில்டா கருவியை அவள் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். குணவதி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள்.

"அக்கா, அலாரத்தோட கம்பிக் கால்ல ஈயம் விட்டுப்போச்சு. நானே வச்சேன். மறுபடியும் வச்சேன். பகல்ல நல்லாக் கத்துது. ராத்திரி தொண்டை அடைச்சுக்குது."

குணவதி மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"இது என்னடி, கடலை உருண்டையா?"

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னுதான்."

"ராத்திரியில என்ன மாறுது?"

"ஒண்ணும் மாறலை. மார்கழி. கொஞ்சம் குளிரும்."

குணவதி எழுந்துபோய், கேன்டீன் ஃப்ரிட்ஜில் தயிர் பாக்கெட்டுகளை ஒதுக்கிக் கருவியை உள்ளே வைத்தாள். அது குளிரும் வரை இருவரும் டீ குடித்தார்கள். பிறகு வெளியே எடுத்து சுவிட்சைப் போட்டாள்.

வாயெடுத்தது. பாதியில் நின்றது.

"அப்ப நிஜமாவே மூச்சு நின்னிருந்தா..."

"நிக்கலை. உக்காரு."

குணவதி பழைய ஈயத்தை முழுக்க உருக்கி உறிஞ்சி எடுத்தாள். அடியில் அலாரத்தின் கால் கறுத்துக் கிடந்தது.

"பாரு. ஈயம் இதுல ஒட்டவே இல்லை. சுத்தி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். குளிர்ல சுருங்கினா விலகிடுது."

"அவ்வளவு வச்சேனே அக்கா."

"அவ்வளவு வச்சதாலதான் உள்ள இருக்கறது உனக்குத் தெரியலை."

கறுப்பைச் சுரண்டி, ஈயம் பிடிப்பதற்கான ஃபிளக்ஸ் பசையைத் தடவி, சூடேறிய சால்டரிங் அயர்னை எமில்டாவிடம் நீட்டினாள். எமில்டா அதைக் காலில் வைத்த கையோடு ஈயக் கம்பியையும் நீட்டினாள்.

"இரு."

"போர்டு தீஞ்சிடும் அக்கா."

"தீயாது. காலும் சூடாகட்டும். ம், இப்ப வை."

ஈயம் உருகித் தானாகவே காலோரம் ஏறியது. அயர்னை எடுத்ததும் எமில்டா குனிந்து ஊதினாள். பளபளப்பு மங்கி, ஈயத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டது.

"ஊதி ஆத்தறதுக்கு இது கஞ்சியா?" என்றாள் குணவதி. "எடு. மறுபடியும் வை."

இந்தத் தடவை எமில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈயம் மெல்லிய சரிவாகப் படிந்து ஆறியது.

"இவ்வளவுதானா? கால் வெளியில தெரியுதே."

"தெரியணும்."

திரும்பவும் ஃப்ரிட்ஜ். திரும்பவும் டீ. சுவிட்சைப் போட்டதும் கருவி முழுக்குரலில் அலறியது. கேன்டீன்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்மா, வீட்டுல வச்சுக் கத்தவிடக் கூடாதா?" என்றார்.

எமில்டா சிரிக்கவில்லை. கருவியைத் துணியில் சுற்றினாள். திரும்பவும் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு ராத்திரியும் விரல் வச்சுப் பார்த்துக்கட்டுமா அக்கா?"

"குழந்தை தூங்குதா?"

"எங்கே தூங்க விடறேன். மூச்சு தெரியலைன்னா எழுப்பிடுவேன். அழுதாத்தான் எனக்கு உயிர் வருது."

குணவதி செருப்பில் காலை நுழைத்தாள். ஒரு கால் நுழையவில்லை. அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சூடு காட்டினே, ஈயம் வச்சே. ஆனா எமில்டா, நீ தொடாம நின்னியே, அப்பத்தான் அது கெட்டியாச்சு."

அன்று இருட்டியதும் எமில்டா சுவிட்சைப் போட்டாள். கருவி ஒருமுறை முழுதாகக் கத்தி அடங்கியது.

"பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆசியாம்மாவின் குரல்.

"ஒண்ணும் இல்லைம்மா. நீங்க தூங்குங்க."

குழந்தையின் உள்ளங்காலை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது. அதை மடக்கிக்கொண்டாள். குழந்தை தூங்கியது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டாள்.