பதினேழு புன்னையும் ஒரு குடையும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கருமணல்பட்டினம் என்கிற கடலோர நாட்டை அதிவீரகேது என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது.

அந்தக் கடற்கரையில் பதினேழு புன்னை மரங்கள் நின்றன. சுற்றுவட்டார ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்த நிழலில்தான் உட்காரும். கட்டுச்சோறு பிரிப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைத் தூங்கப் போடுவார்கள். மூன்றாவது மரத்தடியில் இசக்கி என்பவள் மோர்ப்பானை வைத்திருந்தாள்.

ஒருநாள் அரசவையில் அலங்கார அதிகாரி பிங்கலர் ஒரு பெரிய துணியை விரித்தார். துணியில் புதுக் கடற்கரை வரைந்திருந்தது. கண்ணாடி மாதிரி இழைத்த கருங்கல் தளம், ஓரமெல்லாம் கல் மயில்கள். ஒரு மரம்கூட இல்லை.

“மரங்கள் கடலை மறைக்கின்றன, மகாராஜா. இலை வேறு கொட்டிக்கொண்டே இருக்கிறது. எடுத்துவிட்டால் கோட்டை வாசலிலிருந்தே அலை தெரியும்.”

“நன்றாயிருக்கிறதே. மந்திரி என்ன சொல்கிறார்?”

மந்திரி சாத்தப்பருக்கும் பிங்கலருக்கும் ஆகாது. போன வாரம்தான் பிங்கலர், “மந்திரியாருக்கு வயதாகிவிட்டது, பழைய சாமர்த்தியத்தைப் பேசியே பொழுதைக் கழிக்கிறார்” என்று சொல்லி சபையைச் சிரிக்க வைத்திருந்தார்.

துணியைப் பார்த்ததுமே சாத்தப்பருக்குத் தப்பு தெரிந்துவிட்டது. உச்சி வெயிலில் அந்தக் கல்லில் ஒருத்தராலும் நிற்க முடியாது. ராஜாவுக்கு அது தோன்றாது. பிறந்ததிலிருந்து அவன் வெண்கொற்றக்குடை இல்லாமல் வெளியே வந்ததே இல்லை. வெயில் என்றால் என்னவென்றே தெரியாத மனிதன். இதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதே நொடியில் அவருக்கு ஒரு தந்திரமும் தோன்றிவிட்டது. திறப்பு விழாவுக்குக் குடை வராவிட்டால்? ஊர் முன்னால் பிங்கலரின் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தை நினைத்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

“பிரமாதம், மகாராஜா.”

அன்று சாயங்காலம் கடற்கரையில் இசக்கி அவரை மறித்தாள்.

“அய்யா, மரத்த வெட்டப் போறாவளாமே. நீங்க ஒரு வார்த்த சொன்னா ராசா கேப்பாரு.”

“சொல்றேன் இசக்கி. நேரம் பார்த்துச் சொல்றேன். உன் மரத்துக்கு நான் பொறுப்பு.”

“கோடாலி நேரம் பாக்குமா அய்யா?”

சாத்தப்பர் சிரித்தார். அவள் ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்தார். நெஞ்சு வரைக்கும் குளிர்ந்தது.

கோடாலி நேரம் பார்க்கவில்லை. நாலே நாளில் பதினேழும் விழுந்தன. முதல் மரம் விழுந்த சத்தம் அவர் வீடு வரைக்கும் கேட்டது. அப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருந்தாலும் பதினாறு மிஞ்சியிருக்கும். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மரம் நின்றால் தந்திரம் பலிக்காது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. சித்திரை மாதம், உச்சிப்பொழுதில் திறப்பு விழா. புதுத் தளத்தில் ராஜா செருப்பில்லாமல்தான் கால் வைக்க வேண்டும், அதிகாரிகளும் அப்படியே. அது அந்த நாட்டு வழக்கம்.

“என் குடை எங்கே?” என்றான் ராஜா.

“முத்துக் குஞ்சம் கட்டக் கொடுத்திருக்கிறேன், மகாராஜா. இதோ வந்துகொண்டே இருக்கிறது” என்றார் சாத்தப்பர்.

ராஜாவுக்குக் குடை இல்லாத இடத்தில் வேறு யாரும் குடை பிடிக்கக் கூடாது. அதுவும் வழக்கம்தான்.

ராஜா கல்லில் ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுகாலை வைத்தான். அதையும் எடுத்தான்.

“பிங்கலரே, இது என்ன தோசைக்கல்லா?”

ஒற்றைக்காலில் நின்றபடியே பிங்கலர் சொன்னார்: “சூரிய பகவானே தங்களைத் தரிசிக்க வந்திருக்கிறார், மகாராஜா.”

“தரிசிக்க வந்தவர் என் தலைமேல் ஏன் உட்காருகிறார்? நிழல் எங்கே ஐயா?”

இந்தக் கேள்விக்குத்தான் சாத்தப்பர் இரண்டு மாதம் காத்திருந்தார். முன்னால் வந்து கும்பிட்டார்.

“நிழல் அரண்மனை விறகுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறது, மகாராஜா. தங்கள் நிழலைத் தங்கள் பின்னால் ஆள் தூக்கிக்கொண்டு வருகிறான். ஜனங்களுக்கு அது தரையில் முளைத்தால்தான் உண்டு.”

கூட்டம் சிரித்தது. ராஜாவுக்கு உறைத்துவிட்டது. “பிங்கலரே, பொழுது சாயும்வரை உம் மயில்களுக்கு நீரே காவல்” என்றான். பிங்கலர் சூடு தாங்காமல் ஒரு மயில்மேல் ஏறிக்கொண்டார். மயிலும் சுட்டது.

சாத்தப்பர் நினைத்திருந்த முகம் அப்படியே இருந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

ராஜா அவர் பக்கம் திரும்பினான். “இது உமக்கு எப்போது தெரியும்?”

“துணியை விரித்த அன்றே, மகாராஜா.”

“அன்றே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே.”

சாத்தப்பர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது கொப்பளித்திருந்தது.

“போகட்டும், தந்திரம் நன்றாயிருந்தது. என்ன பரிசு வேண்டும்?”

“அந்தக் குடைதான் வேண்டும். கல்லைப் பெயர்த்துவிட்டுப் புன்னைக் கன்று நட வேண்டும். அவை வளரும்வரை குடை இங்கேயே ஜனங்களுக்காக நிற்கட்டும்.”

ராஜா சுட்ட காலைத் தேய்த்தான், யோசித்தான். “கொடுத்தேன்” என்றான்.

அன்றிலிருந்து நாடெல்லாம் சாத்தப்பரின் சாமர்த்தியத்தைத்தான் பேசிற்று. அவர் மட்டும் அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவர் கடற்கரைக்குப் போனார். கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ராஜாவின் குடைக்கடியில் நாலு பிள்ளைகள் நெருக்கியடித்துத் தூங்கின. நாலு பேருக்குத்தான் இடம். இசக்கி வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

“ராஜாவோட குடையையே வாங்கிட்டேன், இசக்கி.”

“கெட்டிக்காரருதான் நீங்க. ஊரே சொல்லுது.” அவள் மோரை ஊற்றி நீட்டினாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு கெட்டிக்காரத்தனம் தேவப்பட்டிருக்காது அய்யா.”

சாத்தப்பர் ஒரு வாய் குடித்தார். மோர் சூடாக இருந்தது.