பூட்டிய பீரோவில் வைஃபை

"நான் செத்த பிறகுதான் நீங்க வருவீங்க. எப்பவும் அப்படித்தானே?"

"இப்படியே கேட்டாம்மா. ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை" என்றார் தணிகாசலம்.

"யாரு?"

"என் பொண்ணு சுகிர்தா."

"எங்கே செத்தா?"

"விளையாட்டுல. செல்போன்ல."

"அப்ப உயிரோடதான் இருக்கா. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கீரைமேல உங்க நிழல் விழுது."

வேதவல்லி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடம் என்று பெயர். இரண்டு அறை, ஒரு அடுப்பு. ஞானம் கேட்டு வருகிறவர்கள் சரியாகச் சமைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். சாப்பிட்டுவிட்டும் போவார்கள். கீரை ஆய ஒருவரும் கை கொடுத்ததில்லை.

தணிகாசலம் அம்மாவைவிட வயதில் மூத்தவர். சீடன் என்று அவராகச் சொல்லிக்கொள்வார்.

மகள் தன் இஷ்டப்படி ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். வாங்கப்பா என்று கூப்பிட்டாள். அவர் போகவில்லை. அதோடு போன் பேச்சு நின்றது. இப்போது புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் அப்பாவை ஜோடி சேர்த்துக்கொள்கிறாள். மருமகன் செய்த ஏற்பாடு. அந்த ஆட்டத்தில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் மற்றவர் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும்.

"ஓடறேம்மா. பட்டனை அழுத்தறேன். வட்டம் சுத்துது. சுத்தி முடிச்சுப் பார்த்தா அவ பொணமாக் கிடக்கறா. நான் இன்னும் மாடிப்படியிலேயே நிக்கறேன்."

"ஒண்ணும் செஞ்சு பார்க்கலையா?"

"நெட்டைப் பெரிய பிளானுக்கு மாத்தினேன். நாலு கொம்பு வெச்ச வைஃபை பெட்டி வாங்கினேன். அணைச்சு அணைச்சுப் போட்டேன். வெள்ளிக்கிழமை சூடம்கூடக் காட்டினேன்."

"சூடம்."

"ஆமாம்மா."

அம்மா பெருமூச்சு விட்டார். கீரை பறந்தது.

"ஆடும்போது அவ பேசுவாளா?"

"பேசுவா. பாதி கேக்கும், பாதி விட்டு விட்டு வரும். 'சரியா கேக்கலைம்மா'ன்னு சொல்லுவேன். சரி போன்னு விட்டுடுவா."

அம்மா கையிலிருந்த காம்பைத் தூரப் போட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"இந்தத் தடங்கல் போகணும்."

"போனா?"

"அவ கூப்பிட்ட நிமிஷம் போய் நிப்பேன்."

"நல்லா யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?"

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

"எதுவும் இல்லைதான்" என்று அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வாங்க. வீட்டைக் காட்டுங்க. உலை கொதிக்கறதுக்குள்ளே வந்துடலாம்."

தணிகாசலத்தின் வீடு அடுத்த தெருதான். கூடத்தில் நாற்காலி, நாற்காலி எதிரே செல்போன் சார்த்தி வைக்க ஒரு சொம்பு. அன்றைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது.

"பெட்டி எங்கே?"

"உள் ரூம்ல, பீரோவுக்குள்ளே."

அம்மா அப்படியே நின்றார்.

"இரும்பு பீரோவிலா?"

"ஆமாம். பின்பக்கம் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"வெளியே வெச்சா பக்கத்து வீட்டுக்காரன் இழுத்துக்குவான். கூட்டறவ கை வைப்பா. தூசி வேற. விலை உள்ளதை எங்க வீட்டுல பூட்டித்தான் வெப்போம்மா. அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"சாவி?"

அவர் இடுப்பைத் தொட்டார். கொடுக்கவில்லை.

"தொறந்து வெச்சா தெருவெல்லாம் போயிடும்மா."

"போகட்டும்."

"யாராவது..."

"தணிகாசலம், அடுப்புல உலை வெச்சுட்டு வந்திருக்கேன்."

சாவி வந்தது.

பீரோ திறந்தது. செத்துப்போன மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், அந்துருண்டை வாசனையோடு பெட்டி உட்கார்ந்திருந்தது. தலையில் மஞ்சள், குங்குமம். ஒவ்வொரு கொம்பிலும் ஒரு பொட்டு.

அம்மா அதைத் தூக்கிவந்து கூடத்து அலமாரியின் மேல்தட்டில், நாலு பக்கமும் காலியாக வைத்தார். ஒயர் எட்டியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மந்திரம் எதுவும்..."

"ஆடுங்க."

ஆடினார். வட்டம் சுற்றவில்லை. மரத்தில் இலை அசைவதுகூடத் தெரிந்தது. ஏதோ ஒரு கிடங்கு, ஏதோ ஒரு சுவர். யாரோ சுட்டார்கள். சுகிர்தா விழுந்தாள். அவள் கூப்பிடுவதற்குள் தணிகாசலம் பக்கத்தில் இருந்தார். தூக்கினார். எழுந்தாள்.

"அட, வந்துட்டீங்களே!" என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா கவனிக்காத மாதிரி செருப்பைத் தேடினார்.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்தார்கள்.

"அப்பா, நான் பேசறது இன்னைக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது கண்ணு! மணி மாதிரி கேக்குது!"

"அப்ப ஒண்ணு கேக்கறேன். ரொம்ப நாளாக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"கேளும்மா."

"அன்னைக்கு ஏன் வரலை? வாசல்லேயே நின்னுட்டிருந்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் உள்ளே போகலை. ஏம்பா வரலை?"

ஒரு சொல் விடாமல் கேட்டது.

தணிகாசலம் செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னம்மா சொல்றது?" என்றார்.

"என்னைக் கேட்டா?" வேதவல்லி அம்மா வாசற்படி இறங்கிவிட்டார். "தடங்கலை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தாச்சு."

கதவைச் சாத்தாமலே போனார்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. புனேயில் அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. நடுவில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"சுகி" என்றார்.

மின்விசிறி சுற்றியது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடலாமா கண்ணு?"