சிவப்பெழுத்து

ஒரு காரின் முன்கண்ணாடியில் ஒரு வழிகாட்டிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு குடித்தனமே நடந்தது.

நடுவில் கால் நீட்டிக் கிடந்தது வரைபடம். ஊர் உலகமெல்லாம் தன் மேல்தான் இருக்கிறது என்று அதற்கு நினைப்பு. அது சொல்வதை வெளியே போய்ச் சொல்வது குரல். ஓயாமல் பேசும், இனிமையாகவும் பேசும். மேலே ஓரமாக நின்ற ஆன்டெனா வானத்தைப் பார்த்து, கார் எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லும். அடியில் பேட்டரி. வயதாகி வயிறு உப்பிப்போனது, தொட்டதற்கெல்லாம் பயப்படுவது.

மூலையில் இன்னொன்றும் இருந்தது. சிவப்பெழுத்து என்று பெயர். வானம் மறைந்து ஆன்டெனா திணறும்போது, அது எழுந்து போய்க் குரலின் வாயைப் பொத்திவிட்டுத் திரையில் நிற்கும். ‘இடம் தெரியவில்லை’ என்று காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை. நல்ல பேர் வாங்கித் தருகிற வேலை அல்ல.

கார்க்காரர் தேவசகாயத்துக்கு மலைமேல் ஓர் எஸ்டேட்டில் மைத்துனர் வீடு. மலையில் போனுக்கு டவர் கிடைக்காது. எஸ்டேட் ரோடெல்லாம் தெரிகிற பெரிய வரைபடம் வேண்டும் என்று, பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஜாபரின் கடைக்குப் போனார்.

ஜாபர் பின்மூடியைத் திறந்தார். பழைய மெமரி கார்டை உருவிவிட்டுப் பெரிய கார்டைச் செருகினார்.

“கார்டு எத்தனை பெருசு வேணும்னாலும் போடலாமுங்க. ஆனா பெட்டியோட உள் மெமரி சின்னது. புது மேப் ஓடணும்னா அதுல இருந்து எதையாச்சும் ஒண்ணைத் தூக்கோணும்.”

“எதைத் தூக்கறது?”

“டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம், வாங்க.”

இருவரும் போனார்கள். திறந்து கிடந்த பெட்டிக்குள் எல்லாரும் ஒன்றுகூடினார்கள். பழைய கார்டு மேஜைமேல் மல்லாந்து கிடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். காலையில் கூடப் பேசிக்கொண்டிருந்தது, இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை.

“நான் போனால் பெட்டி ஊமையாகிவிடும்” என்று குரல் முந்திக்கொண்டது.

“என்னைத் தொட முடியாது. எனக்காகத்தான் இத்தனை ஏற்பாடு” என்றது வரைபடம்.

“மெமரியோடு நிறுத்துவார்களா? என் வயிற்றைப் பார்த்துவிட்டால் என்னையும் சேர்த்து எறிந்துவிடுவார்களே” என்று பேட்டரி புலம்பியது.

“இவர்களுக்குக் கோபம் வந்தால் யார் மேல் வரும் என்று யோசியுங்கள். இவர்கள் வெறுக்கிற ஒன்றை முன்னால் தள்ளினால் நம் தலை தப்பும்” என்றது வரைபடம்.

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள்.

கடைக்கு மேலே தகரக்கூரை. ஆன்டெனாவுக்கு வானம் தெரியவில்லை. “உனக்கு இப்போது வேலை வந்திருக்கிறது பார், போய் நில்” என்று குரல் சிவப்பெழுத்தைத் தட்டிக்கொடுத்தது. “நல்லா நில், பளிச்சென்று நில்” என்றது பேட்டரி. தன்னை இத்தனை பேர் கூப்பிட்டு அது கண்டதே இல்லை. சந்தோஷமாகப் போய் நின்றது.

ஆன்டெனாவுக்கு விஷயம் புரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. அடுத்தது தானோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்த தேவசகாயம் திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “இது ஒரு சனியன். மலையில பாதி நேரம் இதேதான் வந்து நிக்கும். மொதல்ல இதைத் தூக்குங்க.”

ஜாபர் தூக்கினார். சத்தம்கூட வரவில்லை. மூலை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு பெட்டி எதற்கும் தயங்கவில்லை. தேவசகாயம் போகிற இடமெல்லாம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்.

மைத்துனர் வீட்டு விருந்துக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் அவர் மனைவி ஃபிலோமினா, மடியில் கைக்குழந்தை. சார்ஜர் வயரில் ஃபிலோமினாவின் போன் தொங்கியது. பெட்டி பேட்டரியை நம்பி ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் மலையில் பனிமூட்டம் இறங்கியது. காரின் மூக்குக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அதே நேரம் ஒரு பக்கம் பாறைச்சுவரும் தலைக்கு மேல் மரக்கூட்டமும் வந்து ஆன்டெனாவுக்கு வானத்தை மறைத்தன.

“எனக்கு எதுவும் தெரியவில்லை” என்றது ஆன்டெனா.

“பரவாயில்லை. இதுவரை வந்த வேகத்தை வைத்து நான் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்கிறேன்” என்றது வரைபடம்.

“வலதுபுறம் திரும்பவும்” என்றது குரல், அதே இனிமையோடு.

கார் திரும்பியது. தார் போய் மண் வந்தது. பாதை குறுகியது.

“ஏங்க, யாரையாச்சும் கேட்டுட்டுப் போலாமே” என்றாள் ஃபிலோமினா.

“பெட்டிதான் சொல்லுதுல்ல. பேசாம வா.”

“நேராகச் செல்லவும்” என்றது குரல்.

ஆன்டெனா குரலைப் பிடித்து இழுத்தது. “நிறுத்து! நாம் எங்கே இருக்கிறோம் என்று நான் பார்க்கவே இல்லை. வெளியே சொல்லுங்கள்!”

வெளியே சொல்ல யாரும் இல்லை. அதற்கென்று இருந்த ஒன்றைத்தான் தள்ளிவிட்டிருந்தார்களே. காலி மூலையை ஆன்டெனா பார்த்தது. பேட்டரியும் பார்த்தது.

“என்னால் ஒன்று முடியும். நான் அணைந்துவிடலாம்” என்றது பேட்டரி.

“அணைந்தால் உன்னை எறிந்துவிடுவார்கள்” என்றது ஆன்டெனா.

“தெரியும்” என்றது பேட்டரி. “அன்றைக்கு நானும்தானே சிவப்பெழுத்தை ‘நல்லா நில்’ என்று சொல்லி அனுப்பினேன்.”

“நேராகச்...” என்று குரல் ஆரம்பித்தது. திரை கறுத்தது.

தேவசகாயம் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். கார் கொஞ்சம் சறுக்கி நின்றது. முன்சக்கரத்தில் பட்ட கல் ஒன்று உருண்டு போனது. போன கல் விழுந்த சத்தம் வரவே இல்லை.

ஃபிலோமினா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “ஏங்க, கல்லு விழுந்த சத்தமே கேக்கலைங்க. பின்னால எடுங்க.”

“இந்தப் பெட்டி நேரம் பார்த்துக் காலை வாரிருச்சு” என்று முணுமுணுத்தபடி அவர் மெல்லப் பின்னால் எடுத்தார். தார் ரோட்டுக்கு வந்து, டீக்கடையில் வழி கேட்டு, விருந்து முடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் என்ன இருந்தது என்று அவர் இறங்கிப் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் நேராக ஜாபர் கடைக்குத்தான் போனார். ஃபிலோமினா காரிலிருந்து இறங்காமல், “அந்தப் பெட்டியே நமக்கு வேண்டாங்க, எனக்கு பயமா இருக்கு” என்றாள்.

“பெட்டி மேல தப்பில்லை. நடுவழியில அணைஞ்சதுனாலதான் வழி தவறிட்டோம்” என்றார் அவர்.

ஜாபர் மூடியைத் திறந்து சிரித்தார். “இதைப் பாருங்க, வயிறு எப்படி வீங்கியிருக்கு. இதை வெச்சுட்டா மலைக்குப் போனீங்க?” நெம்பி எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். இருமடங்கு பெரிய பேட்டரியை வைத்து, மூடி மூடாததால் டேப் சுற்றினார். “இனி நீங்களா அணைச்சாத்தான் உண்டுங்க.”

இருட்டில் ஆன்டெனா புதியதிடம் மெதுவாகக் கேட்டது. “எப்போதாவது நான் கெஞ்சிக் கேட்டால், நீ அணைந்துவிடுவாயா?”

“அணைவதா? அதற்காகவா என்னைத் தேடி வாங்கினார்கள்?” என்றது புதிய பேட்டரி. பாவம், அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் மலைக்குப் புறப்பட்டார்கள். பின்சீட்டில் ஃபிலோமினா கதவுப் பிடியைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பனிமூட்டம் இறங்கியது. பாறைச்சுவர் வந்தது, மரக்கூட்டம் வந்தது.

“வலதுபுறம் திரும்பவும்” என்றது குரல். “நேராகச் செல்லவும்.”

ஆன்டெனா கத்தியது. பெட்டிக்குள் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.