அளவு சுடிதார்

"'நீங்க குடுத்த அளவுக்குத்தான் தச்சிருக்கேன், ஒரு நூல்கூட மாறல, வேணும்னா வெச்சுப் பாருங்க'ன்னு சொல்றா சிஸ்டர், அந்தத் தையக்கடை மைமூன்! அதையும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கா!"

தமயந்தி பையைப் பாயின்மேல் கவிழ்த்தாள். மூன்று புதுச் சுடிதார்கள் விழுந்தன. தியானம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் கிளம்பாமல் நின்றார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு மாடி வீட்டில், சனிக்கிழமைக் காலைகளில், பெண்களுக்கு மௌனம் கற்றுக்கொடுத்துவந்தார் ஃபிலோமினா. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து பல வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். தமயந்தி அவரைவிட மூத்தவள். சீடர்களில் அதிகம் கேள்வி கேட்பவள் அவள்தான். பதில் முடியும்வரை பொறுக்காதவளும் அவள்தான்.

சிஸ்டர் ஒரு சுடிதாரை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தானே இருக்கு."

"தையலுக்கென்ன கேடு? கையை நுழைச்சா தோள்லயே நிக்குது. நாடா கட்டினா சரியா ஆபரேஷன் தழும்புமேல உட்காருது. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உட்கார முடியல."

"அளவுக்கு எதைக் குடுத்த?"

"எப்பவும் குடுக்கிற நீலச் சுடிதார்தான்."

உடம்புக்குப் பொருந்திய பழைய துணி ஒன்றை அளவுக்கென்று தையற்கடையில் கொடுத்துவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம். எல்லா ஊர் வழக்கமும் அதுதான். தமயந்தியின் நீலச் சுடிதார் நெடுங்காலமாக அந்த வேலையைப் பார்த்துவந்தது. இடையில் கர்ப்பப்பை போனது, தைராய்டு வந்தது, உடம்பு வேறு உடம்பானது. நீலச் சுடிதாரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

"அப்போ அதே அளவுக்குத்தானே தச்சிருக்கா?"

"அளவுத் துணியைக் குடுத்தா அப்படியே தச்சுடறதா சிஸ்டர்? ஆளைப் பார்க்க வேண்டாம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஆளைப் பார்க்க விட்டியா?"

தமயந்தி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. மாலை நடையை விட்டாள். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த தெருவிலிருக்கும் இந்த மாடிக்கு வந்ததே ரொம்ப நாளைக்குப் பிறகுதான். அதுவும் நைட்டிமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சித்திரை வெயிலில்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சிறுமலைக்கு வேன் கிளம்புது. நீ பேர் குடுக்கலையே?" என்றார் சிஸ்டர்.

"வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன். எதைப் போட்டுக்கிட்டு மலை ஏறுறது? உடம்பு பழையபடி ஆகட்டும். அடுத்த வருஷம் வர்றேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷம் தையல் பிரிச்ச புதுசு."

"அடுத்த வருஷம் வரைக்கும்?"

"நைட்டி இருக்கு."

"சால்வையும் இருக்கு."

"இருக்கு."

தமயந்தி பாயில் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒண்ணு கேக்கறேன் சிஸ்டர். சுத்தி வளைக்காம சொல்லுங்க. உடம்புமேல ஒட்டிக்காதேன்னு இங்க உட்கார்ந்து எத்தனை வருஷமா கேக்கறேன்? அப்புறம் ஏன் ஒரு சுடிதார் பத்தலன்னதும் எனக்கு இப்படி அழுகை வருது?"

சிஸ்டர் யோசிப்பதுபோல் தெரிந்தது. தமயந்திக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்ன, நாலு கைத்தறிப் புடவையில காலத்தை ஓட்டிடறீங்க. உங்களுக்கு எங்க புரியப்போகுது."

"மடத்தைவிட்டு வந்த அன்னிக்கு வெள்ளை அங்கியைக் கழட்டி, மடிச்சு, அங்கேயே வெச்சிட்டு வந்தேன்" என்றார் சிஸ்டர். "அளவுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டு வரல."

பிறகு கையை நீட்டினார்.

"நீலம் எங்க?"

"பையிலதான்."

"குடு."

வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது நீலச் சுடிதாரில் இருந்தார். தோள் தோளில் நின்றது. இடுப்பு இடுப்பில் நின்றது. அவருக்கென்றே தைத்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?"

பெண்கள் அவரையும் தமயந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கொத்தமல்லி இல்ல. வாங்கிட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

தமயந்தி வெளியே ஓடி மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெருவில் அவளுடைய முதுகு போய்க்கொண்டிருந்தது. அந்த மாங்காய்க் கரை, அந்தச் சின்ன இடுப்பு, அந்த நடை. நடையுமா என்னுடையது என்று நினைத்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

காய்கறி வண்டிப் பேச்சியம்மாளும் அந்த முதுகைத்தான் பார்த்தாள்.

"தமயந்திம்மா! யம்மா! பார்த்து எம்புட்டு நாளாச்சு!"

முதுகு திரும்பியது.

"அட, சிஸ்டரா! துணியைப் பார்த்து அவுகன்னு நினைச்சுட்டேன். அவுக எங்கங்க? வீடு மாறிப் போயிட்டாகளா? நல்ல மனுஷி, பேரம்தான் கொஞ்சம் கொடூரமா பேசுவாக."

"வீட்டுலதான் இருக்காங்க."

"வெளியிலயே காணோமே?"

"ஒருத்தங்க வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாருங்க வர்றா?"

"அவங்களேதான்."

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. கொத்தமல்லியோடு கொஞ்சம் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்திருந்தால், மாடியில் சால்வையோடு நின்றவள் தெரிந்திருப்பாள். நிமிரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

சிஸ்டர் மேலே வந்ததும் தமயந்தி வழிமறித்தாள்.

"கழட்டுங்க."

"ஏன்?"

"அது என் துணி."

"உனக்குப் பத்தாது."

"பத்தும். ஒரு நாள் பத்தும். அதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் சிறுமலையே ஏறினேன். எவ்வளவு கச்சிதமா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும். பின்னாலதானே வந்தேன். முட்டி மடங்கலன்னு பாறைக்குப் பாறை உட்கார்ந்த. மௌனமா ஏறணும்னு சொல்லியும் முனகின."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்போ நான் கடைக்கு எதைத்தான் குடுத்து அனுப்புறது?"

சிஸ்டர் கொத்தமல்லியை ஆய உட்கார்ந்தார்.

"நீயே போ."

தமயந்தி அன்று மாலையே போனாள். ஜாக்கெட்டில் பிரிக்க முடிந்த தையலையெல்லாம் பிரித்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு போனாள். மேலே சால்வை இருந்தது. மைமூனின் தையற்கடையில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தமயந்தி சால்வையை எடுத்து நாற்காலிமேல் போட்டாள்.

"ஆளைப் பார்த்துக்கிட்டியா?"

"பார்த்துட்டேங்க்கா" என்றாள் மைமூன், கொஞ்சம் பயந்து. "அளவுத் துணி?"

"அது வேற ஒருத்தங்க போட்டிருக்காங்க. டேப்பை எடு."

கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றாள். டேப் சுற்றி வந்தது. மைமூன் எண்ணை முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லு. நீ வாய்க்குள்ள சொன்னா குறைஞ்சுடுமா?"

மைமூன் சத்தமாகச் சொன்னாள். காத்திருந்த பெண்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். தமயந்திக்குக் காது சூடானது. கையை மட்டும் இறக்கவில்லை.

"நாடா வேண்டாம். எலாஸ்டிக் வை, தழும்பைத் தாண்டி மேல நிக்கணும். பேன்ட் தாராளமா இருக்கட்டும். டாப்ஸ் பருத்தியில, இந்த மஞ்சள்ல ஒண்ணு, அந்தச் செங்கல் நிறத்துல ஒண்ணு. ரெண்டு பக்கமும் பாக்கெட்."

"பாக்கெட்டாக்கா? இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்டி வெச்சுக்கச் சாமான் இருக்கு. மாத்திரை, கண்ணாடி, கர்சீப். உனக்கும் வரும்."

"உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைக்கட்டுமா? பின்னால பிரிச்சுக்கலாம்."

தமயந்தி ஒரு கணம் மைமூனை முறைத்தாள். பிறகு, "விடு" என்றாள். "சனிக்கிழமை வேணும்."

"ஐயோ, கல்யாண ஜாக்கெட்டே குவிஞ்சு கிடக்குதுக்கா."

"கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லு. நான் ஒரு வருஷமா தள்ளிப்போட்டாச்சு."

வீட்டுக்கு வந்து பீரோவின் நடுத்தட்டைக் காலி செய்தாள். புதுச் சுடிதார் மூன்றையும் அண்ணன் மகளுக்கு என்று தனியாகக் கட்டினாள். கணவர் எட்டிப்பார்த்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா, நாளைக்கு நீ இளைச்சா என்ன பண்ணுவ?"

"நாளைக்கும் கடை திறந்திருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறுமலை அடிவாரத்தில் வேன் நின்றது. இறங்கிய நிமிஷத்திலிருந்து உச்சிப்பாறை போய்ச்சேரும்வரை யாரும் பேசக்கூடாது. அது சிஸ்டர் போட்ட விதி. வருஷாவருஷம் அதை முதலில் மீறுகிறவள் தமயந்தி என்று எல்லாருக்கும் தெரியும்.

சிஸ்டர் நீலச் சுடிதாரில் இறங்கினார். தமயந்தி அதை ஒரு தடவை, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு கண்ணாடியை மஞ்சள் டாப்ஸின் வலது பாக்கெட்டில் போட்டாள், கர்சீப்பை இடது பாக்கெட்டில் போட்டாள், ஏற ஆரம்பித்தாள்.

மூச்சு வாங்கியது. நின்றாள், வாங்கிக்கொண்டாள், மறுபடி ஏறினாள். வியர்வை வழிந்து முதுகெல்லாம் மஞ்சள் அடர்ந்து போனது. துணி எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. முதல் வளைவில் மற்றப் பெண்களைத் தாண்டினாள். இரண்டாவது வளைவில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

பாறைகள் உயரமாக ஆரம்பித்த இடத்தில், கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மற்றப் பெண்கள் நின்று கீழே பார்த்தார்கள். சிஸ்டர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் நீலத் துணியைத் தொடையோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தமயந்தி."

தமயந்தி திரும்பினாள். விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள். அடுத்த பாறையில் கால் வைத்தாள்.

"தமயந்தி, கொஞ்சம் நில்லேன். இதுல முட்டி மடங்க மாட்டேங்குது."