செங்கோடன் ஐயாவின் முதுகு

காலைத் தியானம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். செங்கோடன் ஐயா எழவில்லை.

சிறுமலை அடிவாரத்தில் அவர் நடத்திவந்த மௌனக்கூடத்தில் இது புதிதல்ல. சில நாள் எல்லோரும் போன பிறகும் கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் ஓசைப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மங்கையர்க்கரசி மட்டும் பாய்களைச் சுருட்ட நின்றார்.

அவர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஐயாவுக்கு அவரைவிடக் கண்டிப்பான சீடர் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஐயாவின் சொற்களைப் பிசகாமல் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். "வலி வந்தா வலியைப் பாருங்க. வலிக்குதேன்னு அழறவனையும் பாருங்க."

"அம்மா, எல்லாரும் போயிட்டாங்களா?" என்றார் ஐயா.

"போயிட்டாங்க ஐயா."

"என்னால எந்திரிக்க முடியல. இடது கால் எங்க இருக்குன்னே தெரியல."

மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தார். ஐயாவின் முகமெல்லாம் வியர்த்திருந்தது. நாலைந்து மாதமாகவே அவருக்கு இடுப்பு வலி. குனிந்தால் நிமிரச் சிரமப்படுவார். கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். இப்போது சிரிக்கவில்லை.

"விடிஞ்சதுல இருந்து ஒண்ணுக்குப் போகல. முட்டிக்கிட்டு நிக்குது, வர மாட்டேங்குது. உட்கார்ற இடமே மரத்துப்போச்சும்மா."

அவருடைய குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் மங்கையர்க்கரசியை அதிகம் பயமுறுத்தியது.

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்த கையோடு டாக்டரம்மா வந்தார். சுற்றிவளைக்காமல் பேசுகிறவர்.

"முதுகெலும்புல டிஸ்க் பிதுங்கி நரம்புக் கொத்தையே நசுக்குது. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்குப் பாக்கலாம்னா காலும் வராது, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதும் உங்க கையில இருக்காது."

"இன்னைக்கே பண்ணினா எல்லாம் சரியாயிடுமா?" என்று ஐயா கேட்டார்.

"சொல்ல முடியாது. வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான்."

டாக்டர் போன பிறகு ஐயா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தார். மங்கையர்க்கரசிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பயமா இருக்கா ஐயா?"

"ஆமாம்மா. ரொம்ப."

இல்லை என்பார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். குறைந்தபட்சம் ஒரு புன்னகையாவது.

"கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

மங்கையர்க்கரசி அசையாமல் நின்றார். குருவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். கையைப் பிடிப்பதா? அவர் தயங்கியது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஐயா கையை இழுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. என் போனை எடுத்து சூசைக்கு ஒரு போன் போடுங்க. அப்படியே பால்ராசையும் வரச் சொல்லுங்க."

சூசைமாணிக்கம் ஒட்டன்சத்திரம் சந்தையில் வெங்காய மொத்த வியாபாரி. பால்ராசு பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். இருவரும் ஐயாவோடு சின்ன வயதில் ஒரே அணியில் கபடி ஆடியவர்கள். மௌனக்கூடத்துக்கு எப்போதாவது வருவார்கள். வந்தால் ஒரே சத்தம். ஒருமுறைகூட உட்கார்ந்து கண்ணை மூடியதில்லை. மங்கையர்க்கரசிக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பால்ராசின் கையெல்லாம் கிரீஸ் கறை. கழுவக்கூட நிற்கவில்லை.

"ஏண்டா செங்கோடா, நாலு மாசமா நோவை வச்சுக்கிட்டு வாயத் திறக்கலியே. நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று கத்திக்கொண்டே வந்த சூசை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஐயாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பால்ராசு ஒன்றும் பேசாமல் கால்மாட்டில் நின்று அந்த மரத்துப்போன காலைப் பிடித்துக்கொண்டார்.

ஐயா அழுதார். குழந்தை அழுவதுபோல வாய்விட்டு அழுதார். "கால் போயிருமாடா? மூத்திரப் பையோட கிடப்பேனாடா?"

"கிடந்தா என்ன, நாங்க மாத்திவிடுறோம். இப்ப வாய மூடு."

அறைக்கு வெளியே மௌனக்கூடத்து ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் அவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று மங்கையர்க்கரசி பதறினார். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஐயா எப்படி இருக்கார்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மௌனத்துல இருக்கார்," என்றார். சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. திருத்தவில்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது மாலையாகியிருந்தது. "நசுங்கின நரம்பை விடுவிச்சாச்சு. இனி அதுவா உயிர் பிடிக்கணும்," என்றார். 

அடுத்து வந்த நாட்கள் கொடியவை. முதுகில் தையல். மூத்திரத்துக்குக் குழாய். ஒருக்களிக்க வேண்டுமென்றால் தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும், உருட்டுக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி. சூசை தோளைப் பிடிப்பார், பால்ராசு இடுப்பைப் பிடிப்பார். ஐயா அலறுவார். அவர் அலற அலற இவர்களும் திட்டிக்கொண்டே புரட்டுவார்கள். பால்ராசு கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார். சூசை சந்தை வேலையை வராந்தாவில் நின்று போனிலேயே பார்த்துக்கொண்டார். பார்க்க வந்த கூடத்து ஆட்களை மங்கையர்க்கரசி ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஒரு மதியம் இருவரும் சாப்பிடப் போயிருந்தபோது ஐயாவைப் புரட்ட வேண்டியிருந்தது. நர்ஸ் மங்கையர்க்கரசியைப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடிங்கம்மா," என்றார். பிடித்தார். காய்ச்சல்காரன் உடம்புபோல அனலாக இருந்தது அந்தத் தோள். ஐயா கத்தியபோது இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குழாயை எடுக்கும் நாள் வந்தது.

"எடுத்த பிறகு தானா போகணும். போகலைன்னா மறுபடி போட வேண்டியதுதான். எத்தனை காலத்துக்குன்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஐயா குடித்தார். காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் குடித்தார். வயிறு உப்பியது. பக்கத்தில் இருந்த குளியலறைக்குள் சூசையும் பால்ராசும் அவரைத் தாங்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. மங்கையர்க்கரசி வெளியே சுவரோடு சாய்ந்து நின்றார்.

உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு பால்ராசு, பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல, "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்றார்.

"வரலடா."

"வரும். அவசரப்படாத. ஸ்ஸ்ஸ்..."

"டேய், எனக்கு வந்துரும் போலருக்கு," என்றார் சூசை.

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மங்கையர்க்கரசி தன்னை அறியாமல் உதட்டைக் கடித்திருந்தார். வாழ்க்கையில் அவர் எத்தனையோ வேண்டியிருக்கிறார். இதற்காக வேண்டுவோம் என்று நினைத்ததில்லை. போகட்டும், போகட்டும், போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார்.

தண்ணீரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் வேறொரு சத்தம் நிற்காமல் கேட்டது.

பால்ராசு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.  தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மங்கையர்க்கரசியின் கண்ணும் கலங்கிவிட்டது. உடனே திரும்பி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் நாச்சம்மாள் காத்திருந்தாள். இட்லிக்கடை நடத்துகிறவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. மௌனக்கூடத்துக்கு வாரம் தவறாமல் வருவாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. உடனே எடுக்கணுமாம். பயத்துல தூக்கமே இல்லாம இருந்தேன். இப்பப் பயம் போயிருச்சும்மா."

"எப்படி?"

"ஐயா இவ்வளவு பெரிய நோவுலயும் வாயத் திறக்காம மௌனத்துல இருக்காரே. நம்ம கூடத்துல எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க. வலி ஊசிகூட வேணாம்னுட்டாராமே. நானும் முடிவு பண்ணிட்டேன். கத்தியெல்லாம் வேணாம். உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துர்றேன்."

 மங்கையர்க்கரசி அன்று கதவருகே சொன்னது ஒரே ஒரு சொல். அது கைகாலெல்லாம் முளைத்து இவள் வீடுவரை போயிருக்கிறது. 'அப்படி இல்லை' என்று சொல்ல நினைத்தார். 

நாச்சம்மாளை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஐயாவின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

ஐயா கோபிக்கவில்லை. சூசையைப் பார்த்தார்.

"நடக்கவிடணும்னு டாக்டர் சொன்னாங்கள்ல? இப்ப நடப்போமா?"

"இப்பவா? சாயங்காலம்னுதானடா சொன்ன. இப்பத்தான் பாத்ரூம் போயிட்டு வந்து செத்துப்போய்க் கிடக்க."

"இப்பவே." பிறகு மங்கையர்க்கரசியிடம், "அந்தப் பிள்ளையை உள்ள வரச் சொல்லுங்கம்மா," என்றார்.

நாச்சம்மாள் கைகூப்பியபடி உள்ளே வந்தாள். இடுப்பில் பெல்ட்டை இறுக்கி, வாக்கரை முன்னால் வைத்து, இரண்டு பக்கமும் தாங்கி ஐயாவை நிறுத்தினார்கள். இடது பாதம் தொங்கியது. அதைத் தூக்கி வைக்க அவர் முயன்றார்.

"ஐயோ! டேய், விட்டுராதீங்கடா! ஐயோ, அம்மா!"

அலறல் வராந்தா முழுக்கக் கேட்டது. நாச்சம்மாளின் கூப்பிய கை அப்படியே நின்றது. மங்கையர்க்கரசி இம்முறை கதவைச் சாத்தப் போகவில்லை.

"இன்னொண்ணு. தூக்கு. முண்டம், கீழ பாக்காத, நேராப் பாரு," என்றார் சூசை.

ஐயா இன்னொரு அடி வைத்தார். மறுபடி அலறினார். சட்டை நனைந்துவிட்டது. கட்டிலில் அவரைச் சாய்த்த பிறகு நாச்சம்மாள் மெல்ல நெருங்கினாள்.

"ஐயா... நீங்களுமா கத்துறீங்க?"

"ஆமா நாச்சம்மா. கத்தினாக் கொஞ்சம் தேவலை."

"ஊசி?"

"வேளாவேளைக்குக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிறேன். தராட்டி நர்ஸோட சண்டை."

அவள் நின்றாள். அவள் முகத்தில் இருந்த அமைதியெல்லாம் கலைந்தது. அதன் அடியில் இரண்டு மாதத்துப் பயம் அப்படியே இருந்தது. 

"உங்களுக்கு இவங்க இருக்காங்க ஐயா. எனக்கு யாரு இருக்கா? ஆபரேஷன் ரூம் வாசல்ல நிக்கக்கூட ஆள் கிடையாது."

 ஐயா மங்கையர்க்கரசியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை மங்கையர்க்கரசியால் தாங்க முடியவில்லை.

"நான் வர்றேன்," என்றார்.

நாச்சம்மாள் நம்பாமல் பார்த்தாள்.

"கூடவே இருப்பேன். உனக்கு என் வீட்டுலதான் பத்தியச் சாப்பாடு. உன் கடையை எப்படிப் பாக்கிறதுன்னுதான் தெரியல. எனக்கு இட்லி கல்லு மாதிரி வரும்."

வாரங்கள் போயின. ஐயா மௌனக்கூடத்துக்குத் திரும்பினார். பாயில் உட்காரக் கூடாது என்பதால் நாற்காலி போட்டார்கள். பாதம் முழுசாக உயிர் பெறவில்லை. நடக்கும்போது இழுத்தது. இழுத்துக்கொண்டே நடந்தார்.

நாச்சம்மாளுக்குக் கட்டியை எடுத்தாயிற்று. கெட்ட கட்டி இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு மங்கையர்க்கரசி ஐயாவைப் பார்க்க வந்தார். பல நாள் தூக்கம் கெட்டதில் கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. புடவையில் கஞ்சி கொட்டிய கறை. கூடத்தில் சூசையும் பால்ராசும் ஐயாவின் பெல்ட் இறுக்கமா தளர்வா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி கீழே உட்கார்ந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கீங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ்வளவு பயம் வந்தப்ப, அதையெல்லாம் ஏன் ஐயா நீங்க துணைக்குக் கூப்பிடல?"

பால்ராசு பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்தார். ஐயா வலியில் முகத்தைச் சுளித்துவிட்டு மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

"கூப்பிட்டேனே அம்மா. இவனுக ரெண்டு பேருதான் வந்தானுக."