ஒரு பானை ராத்திரி

“சாமி, என் மண்டையில ஓட்டை விழுந்துருச்சுங்க.”

மாரப்பன் இப்படிச் சொன்னபோது மடத்தில் சரஸ்வதி பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னச்சாமி சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் தலையைச் சுற்றிப் பார்த்தார்.

“வெளிய ஒண்ணும் தெரியலயே.”

“விளையாடாதீங்க சாமி. போன விஜயதசமி அன்னைக்கு நீங்கதான் அலமாரியைத் தொறந்துவிட்டு, படிங்கன்னு சொன்னீங்க. ஒரு வருசமாப் படிச்சனுங்க. இன்னைக்கு உக்காந்து திரும்பிப் பாக்கறேன், ஒண்ணுமே இல்லீங்க.”

கொடுமுடிக்குக் கொஞ்சம் மேலே, காவிரிக் கரையில் இருந்தது அந்த மடம். மடத்தை நடத்திவந்த சின்னச்சாமிக்கு நாற்பது வயது இருக்கும். மாரப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, காலமெல்லாம் துணி வெட்டியவர். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, இனிமேலாவது நாலு எழுத்துப் படிப்போம் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

காய்ந்த மாடு கம்பில் புகுந்த மாதிரிதான் படித்தார். கதை, சரித்திரம், தத்துவம், யாரோ பனி நாட்டுக்குப் போய்வந்த பயணம், எதையும் விடவில்லை.

“தேனீயைப் பத்தி அத்தாப் பெரிய புத்தகம் படிச்சனுங்க. இப்பக் கேட்டா, தேனீ கொட்டும்ங்கறது மட்டும்தான் ஞாபகம் வருது. அது படிக்காமயே தெரியுமுங்களே.”

சின்னச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. மாரப்பனுக்கு வரவில்லை.

“எங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுங்க. கடைசீல என்னையே ‘தம்பி எந்த ஊரு’ன்னு கேட்டாரு.”

சாமி சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“அதனால முடிவு பண்ணிட்டனுங்க. நாளைக்குக் காலைல எல்லாரும் புத்தகம் எடுப்பாங்க. நான் எடுக்கல. ஏழரை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். ஓட்டைச் சட்டியில எத்தனை ஊத்துனா என்னங்க?”

படிப்பை விடுவது அவருக்குச் சின்ன விஷயமில்லை. அந்த ஒரு வருஷம் இருந்த மாதிரி அவர் வாழ்க்கையில் எந்த வருஷமும் சந்தோஷமாக இருந்ததில்லை.

“இன்னொண்ணுங்க சாமி. கூடையில தண்ணி மொண்ட சீடன் கதையை மட்டும் சொல்லிராதீங்க. தண்ணி நிக்காட்டியும் கூடை சுத்தமாச்சுன்னு முடியும். அது எனக்கே தெரியும்.”

“அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்,” என்றார் சின்னச்சாமி.

வேறு வழியில்லாமல் சுண்டலைத் தின்றார்.

அப்போது சமையல்கட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

நஞ்சம்மாள் அழுதுகொண்டிருந்தாள். மடத்துக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள்தான். ஆற்றுப் படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவள் மகள் கலாமணிக்குக் காலையிலிருந்து வலி. போன தடவை பிறந்த குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை கூடப் போய் நிற்கக்கூடத் தாய்க்குக் கொடுத்துவைக்கவில்லை.

“மாரப்பண்ணா,” என்றார் சின்னச்சாமி. “ஊருக்கு நாளைக்குத்தானே போறீங்க. இப்பப் போய் அந்தம்மாவுக்கு ஏதாவது படிச்சுக் காட்டுங்க. போன் வர்ற வரைக்கும் மனசு கொஞ்சம் வேற பக்கம் திரும்பட்டும்.”

“இன்னைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாதுங்களே சாமி.”

மடத்துப் புத்தகங்கள் எல்லாம் பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

“அட, ஆமா,” என்றார் சாமி. “அப்பப் படிக்காமச் சொல்லுங்க.”

“அதைத்தானுங்களே இவ்வளவு நேரமாச் சொல்லிட்டிருக்கறேன், எனக்கு ஒண்ணுமே…”

சாமி கை கழுவப் போய்விட்டார்.

நஞ்சம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். செல்போன் அவள் நெஞ்சின் மேல் இருந்தது.

மாரப்பன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வருஷத்துப் படிப்பையெல்லாம் துழாவிப் பார்த்தார். ஒரு புத்தகமும் முழுசாகக் கைக்கு வரவில்லை.

“எதாச்சும் பேசுங்ணா,” என்றாள் நஞ்சம்மாள். “சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்குது.”

“ஒரு படகுக்காரன் இருந்தான் நஞ்சம்மா.”

“ம்.”

“அவன் படகு போற ஆத்துக்கு அக்கரையில ஒரு ஊரு. அந்த ஊர்ல பொழுதே சாயாது.”

“அதெப்படி?”

“அப்படி ஊரெல்லாம் இருக்குது. சூரியன் விழவே விழாது. வருசம் பூராப் பகல்தான்.”

“அப்பத் தூங்குறது?”

மாரப்பன் அதை யோசித்திருக்கவில்லை.

“தூக்கமே இல்ல. புள்ளைங்க எல்லாம் கண்ணைக் கசக்கிட்டு அழுதுட்டே இருக்கும். கொஞ்சம் நிழல் கெடச்சாப் போய்ப் படுக்கலாம். ஆனா அந்த ஊர் ராசா நிழலுக்கு வரி போட்டுட்டான்.”

“நாசமாப் போறவன்,” என்றாள் நஞ்சம்மாள்.

அவள் அழுகை நின்றிருந்தது. மாரப்பன் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்ப ஒரு பொண்ணு வந்து படகுல ஏறுச்சு. இடுப்புல ஒரு பானை. பானையில என்னம்மான்னு படகுக்காரன் கேட்டான். ‘ராத்திரிங்க, எங்கூர்ல நெறைய இருக்குது, அக்கரைக்கு ஒரு பானை மொண்டுட்டுப் போறேன்’னு சொன்னா.”

நஞ்சம்மாள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“மூடி இருந்துச்சா?”

“என்னது?”

“பானைக்குங்ணா. ராத்திரியை மூடாமக் கொண்டு போனா வழியிலயே வெளுத்துராதா?”

“இருந்துச்சு, இருந்துச்சு,” என்றார் மாரப்பன் அவசரமாக. “மூடி போட்டு, மேல ஈரத்துணி கட்டியிருந்தா.”

“கெட்டிக்காரி. பேரென்ன?”

“அல்லி.”

அந்தப் பேர் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அதுதான் சரி என்று பட்டது.

நஞ்சம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அல்லி சாப்பிட்டாளா, படகுக்காரனுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா, ஒரு பானை இருட்டு எத்தனை வீட்டுக்குக் காணும். சமைக்கிறவள் கேள்வி எல்லாம் அளவுக் கேள்வி. மாரப்பனும் சொல்லிக்கொண்டே போனார். நடு ஆற்றில் பனி மூடிவிட்டது. கரை தெரியவில்லை. படகுக்காரன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான்.

“ஐயோ,” என்றாள் நஞ்சம்மாள்.

“பயப்படாத. எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து படகு முனையில உக்காந்துச்சு. உக்காந்து ஆடுச்சு.”

“தேனீ ஆடுமா?”

“ஆடும் நஞ்சம்மா. பூ எந்தத் திக்குல இருக்குது, எவ்வளவு தூரம் போகோணும்னு ஆடித்தான் மத்த தேனீக்குச் சொல்லும். எட்டுப் போட்ட மாதிரி சுத்திச் சுத்தி…”

அவர் விரலால் அவள் போர்வையின் மேல் எட்டுப் போட்டுக் காட்டினார். அவள் அந்த விரலையே பார்த்தாள்.

“அல்லி பானையை மடியில வச்சுக்கிட்டு, தேனீயைப் பாத்துச் சொல்றா. ‘இந்தப் பக்கம் போடுங்க துடுப்பை. இன்னும் கொஞ்சம் தள்ளி.’ அக்கரையில ஒரு குழந்தை அழற சத்தம் கேக்குது…”

செல்போன் அடித்தது.

நஞ்சம்மாளுக்கு எடுக்கக் கை வரவில்லை. மாரப்பன் எடுத்து அவள் காதில் வைத்தார். அவள் மருமகன் குரல் அவருக்கும் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

இரண்டு பேரும் அழுதார்கள். மாரப்பன் எதற்கு அழுகிறோம் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, பட்டுத்துணியை எடுத்தார்கள். மடத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துவிட்டுக் கும்பிட்டார்கள். மாரப்பன் எடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நஞ்சம்மாளிடம் விடைபெறப் போனார்.

அவள் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, குழந்தைக்கு அல்லின்னே பேர் வைக்கச் சொல்லிட்டேன்.”

மாரப்பன் கட்டிலோரமாக வந்து நின்றார்.

“நேத்துச் சொன்ன கதை இருக்கற புத்தகத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க. சாமிகிட்டச் சொல்லிக் கலாமணிக்குக் குடுத்து விடோணும். அவ நல்லாப் படிப்பா. பாதியிலயே போன் வந்துருச்சில்ல, எனக்கும் மீதி தெரியோணும். அந்தப் பொண்ணு பானையோட போய்ச் சேந்தாளா இல்லயான்னு ராத்திரி பூரா அதே நெனப்பு.”

“எடுத்துட்டு வரேன் இரு,” என்று வந்துவிட்டார்.

அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினார். பையை எங்கே இறக்கிவைத்தார் என்றும் தெரியவில்லை. ஏழரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனதும் அவருக்குக் கேட்கவில்லை.

தன் பலகையில் உட்கார்ந்திருந்த சின்னச்சாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“என்ன தேடறீங்க மாரப்பண்ணா?”

“நஞ்சம்மாவுக்கு நேத்துச் சொன்ன கதைங்க சாமி. அந்தப் புத்தகம் வேணுமாம்.”

“எந்தப் புத்தகம் அது?”

“அதுதானுங்க கெடைக்கல. படகுக்காரன் இதுல இருக்கறான்.” ஒரு புத்தகத்தின் மேல் கை வைத்தார். திறக்கவில்லை. “ஆனா இதுல அவன் படகை வித்துப்போட்டு டவுனுக்குப் போயிருவான். பொழுது சாயாத ஊரு இந்தப் பயணப் புத்தகத்துல. கண்ட கண்டதுக்கெல்லாம் வரி போட்ட ராசா இந்தச் சரித்திரத்துலங்க. தேனீ இதுல.”

“சரி. அந்தப் பொண்ணு?”

மாரப்பன் கை எந்தப் புத்தகத்தின் மேலும் போகவில்லை.

“அவ எதுலயும் இல்லீங்க சாமி.”

“அப்புறம் எங்கிருந்து வந்தா?”

மாரப்பன் யோசித்தார்.

“தெரியலீங்க. நஞ்சம்மா அழுதுட்டிருந்தாங்க. அவ வந்துட்டா.”

சின்னச்சாமி பலகையை விட்டு இறங்கினார். சீடர்கள் உட்காரும் தரையில், மாரப்பனுக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து நானும் சன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டிருந்தேன்,” என்றார். “குழந்தை அழற சத்தம் கேட்டுதுன்னு சொன்னீங்க. அப்புறம் போன் வந்துருச்சு. அவ அக்கரை சேந்தாளா?”

மாரப்பன் சாமியைப் பார்த்தார். அடுக்கிவைத்த புத்தகங்களைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

“இன்னும் தெரியலீங்க சாமி,” என்றார். “நஞ்சம்மா பக்கத்துல போய் உக்காந்தாத்தான் தெரியும். வாங்க.”